நீராவியால் மரமரிதல்: மாத்தளைப் பகுதியை முன்னிட்டு ஓர் ஆய்வு

மனிதன் தன் வாழ்க்கைக்குத் துணையாகக் கைக்கொண்ட பொருள்களுள் மரத்தினும் நெருங்கிய உறவுடையது பிறிதொன்றில்லை. பிறந்த குழவியைத் தாங்கும் தொட்டிலும் மரம். இறந்த உடலைச் சுமக்கும் பாடையும் மரம். இடையே ஏர், உரல், கதவு, கட்டில், தோணி, தேர் என்று எத்தனையோ வடிவங்களில் மரம் மனிதனுக்குப் பணி செய்கின்றது. மயமதம் முதலிய சிற்ப நூல்கள் எம்மரம் எதற்காகும் என்பதற்கு விரிவான விதிகளை வகுத்துள்ளன. எனினும் காட்டில் நின்ற மரம் தச்சனது பட்டறையிற் பலகையாகக் கிடப்பதற்கு இடையில் நிகழும் தொழிலைப் பற்றி எழுதினோர் மிகச் சிலரே. அத்தொழிலே மரமரிதல் எனப்படுவது. கைவாளாற் செய்யப்பட்டுவந்த அத்தொழிலில் நீராவி புகுந்தவாற்றையும், சிற்றளவான நீராவி மரவாலை ஒன்று இயங்கும் முறையினையும், அதனால் விளையும் நன்மை தீமைகளையும் மாத்தளை மாவட்டத்தை முன்னிட்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாத்தளையின் மரவளம்

இலங்கையின் மலைநாடும் வடக்கிலுள்ள வரண்ட சமவெளியும் கைகோக்கும் இடம் மாத்தளை மாவட்டம். தெற்கிலும் கிழக்கிலும் இரத்தோட்டைக்கு அப்பால் நக்கிள்ஸ் மலைத்தொடர் முகில் தவழ நிற்கின்றது. வடக்கே நாவுலை, தம்புள்ளை, கலேவெல எனச் செல்லச் செல்ல மழை குறைந்து வரண்ட வலயக் காடு தொடங்குகின்றது. ஆகவே ஒரே மாவட்டத்தில் இருவகை மரங்களையும் காணலாம். வடபகுதியில் முதிரை, கருங்காலி, பாலை, சமண்டலை ஆகிய வயிரம் பாய்ந்த மரங்கள் வளர்வன. ஆற்றோரங்களில் மருது ஓங்கி நிற்கும். ஊர்த் தோட்டங்களிற் பலாவும் வேம்பும் உண்டு. பிற்காலத்தில் மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த மகோகனியும், தேயிலைக்கு நிழலாக நட்ட கிரவிலியாவும், பாலெடுத்து ஓய்ந்த இறப்பர் மரமும் இவற்றோடு சேர்ந்தன.

இவ்வளம் ஒருகால் எவ்வாறு அழிந்தது என்பதை நினைவுகூர்தல் தகும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கோப்பிப் பயிர்ச்செய்கை மலைச்சரிவுகளில் விரைந்து பரவியது. காடு வெட்டும் முறை வியப்பும் துயரும் ஒருங்கே தருவது. சரிவின் கீழிருந்து மேலாக ஒவ்வொரு மரத்தையும் பாதியளவு வெட்டி நிறுத்துவர். பின்னர் உச்சியிலுள்ள பெருமரங்களை முற்றாக வெட்டி வீழ்த்துவர். அவை கீழுள்ளவற்றின் மேற்சாய, அவை தமக்குக் கீழுள்ளவற்றின் மேற்சாய, இடிமுழக்கம் போன்ற ஓசையுடன் மலைச்சரிவு முழுவதும் ஒருங்கே சரியும். சில கிழமைகள் காயவிட்டு நெருப்பிடுவர். வண்டி செல்லும் பாதையோ அரியும் பொறியோ அருகில் இல்லாமையால், பலநூறாண்டு வளர்ந்த மரங்கள் ஒரு பலகைதானும் ஆகாமற் சாம்பலாயின. 1869இல் இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பியை அழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. 1880இற் புகையிரதப் பாதை மாத்தளையை அடைந்தது. ஆயின், மரத்தைச் சாம்பலாக்கிய அந்நாடே பின்னர்த் தேயிலை அனுப்புவதற்குரிய பெட்டிகளுக்காக யப்பானிலிருந்து மோமி மரத்தையும், பால்டிக் கரையிலிருந்து ஒட்டுப்பலகையையும் இறக்குமதி செய்ய நேர்ந்தது. அரியும் வசதி இல்லாத இடத்தில் மரம் செல்வமாகாது, விறகே ஆகும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கைவாளும் குழியும்

பொறி வருவதற்கு முன்னர் மரமரிதல் இருவர் செய்யும் தொழிலாக இருந்தது. நிலத்தில் ஆழமான குழி தோண்டி, அதன் குறுக்கே சட்டங்களையிட்டு, அவற்றின்மேல் மரக்குற்றியைக் கிடத்துவர். நூலைக் கரியில் தோய்த்துக் குற்றியின்மேல் இழுத்துத் தெறித்துக் கோடிடுவர். ஒருவன் மேலே நின்று நீண்ட வாளின் கைப்பிடியைப் பற்றுவான். மற்றவன் குழியினுள் நின்று கீழ்முனையைப் பற்றுவான். மேலாள் கோட்டை விட்டு வாள் விலகாதவாறு வழிகாட்டுவான். கீழாள் வலிமையோடு இழுப்பான். வாள் அறுப்பது கீழ்நோக்கி வரும்போதே. எனவே கீழே நிற்பவன் தலையிலும் கண்ணிலும் மரத்தூள் இடைவிடாது சொரியும். இத்தொழிலின் அருமை உடல்வலியில் மாத்திரம் அமைந்ததன்று. பத்தடி நீளம் சென்ற பின்னரும் பலகை ஒரே தடிப்புடன் இருத்தல் வேண்டும். அதற்கு இருவரும் மூச்சையும் ஒன்றாக வைத்து உழைத்தல் வேண்டும்.

கைவாளுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. யானையும் எருமையும் இழுத்துவர இயலாத பெருங்குற்றியை அது விழுந்த இடத்திலேயே அரியலாம். பலகையாகச் சுமந்து வரலாம். பாதையற்ற மலைச்சரிவுகளிற் கைவாள் நெடுங்காலம் நிலைத்தமைக்குக் காரணம் இதுவே.

பொறிவாளின் வரலாறு

மனிதக் கையை விலக்கி வாளை இயக்கும் எண்ணம் மிகப் பழையது. இன்றைய துருக்கி நாட்டிலுள்ள ஹியராப்பொலிஸ் என்னும் பழம்பதியிற் கிடைத்த கி.பி. 3ஆம் நூற்றாண்டுக் கல்லறைச் சிற்பம் ஒன்றில், நீர்ச்சில்லு சுழல, அதனோடு இணைந்த தண்டுகள் இரு வாள்களை முன்னும் பின்னுமாக இழுத்துக் கல்லை அறுக்கும் பொறி செதுக்கப்பட்டுள்ளது. சுழற்சியை நேரியக்கமாக மாற்றும் வளைதண்டு அக்காலத்திலேயே அறியப்பட்டிருந்தது என்பது இதனால் விளங்கும். 1594இல் ஒல்லாந்தில் கொர்னெலிசூன் என்பார் காற்றாலையால் மரமரியும் பொறியை அமைத்தார். கப்பல் கட்டுந் தொழிலில் அந்நாடு முன்னேறியமைக்கு இப்பொறியும் ஒரு காரணமாகும்.

இங்கிலாந்திலோ நிலைமை வேறாயிருந்தது. இலண்டன் நகரின் இலைம்கவுஸ் பகுதியில் நிறுவப்பட்ட காற்றாலை மரவாலையை, தம் பிழைப்புப் போய்விடுமென அஞ்சிய கைவாள் தொழிலாளர் 1768இல் திரண்டு சென்று தகர்த்தனர். அவர்களைக் குறைகூறுதல் எளிது. ஆயின் ஒரு பொறி எத்தனை குடும்பங்களின் அடுப்பைத் தொடுகின்றது என்பதைப் பொறியமைப்போர் எண்ணிப் பார்த்தல் கடன் என்னும் பாடத்தை அந்நிகழ்ச்சி புகட்டுகின்றது.

1777இற் சாமுவேல் மில்லர் என்பார் பெற்ற ஆங்கிலக் காப்புரிமையில் வட்டவாள் குறிப்பிடப்படுகின்றது. 1808இல் வில்லியம் நியூபெரி பட்டைவாளுக்குக் காப்புரிமை பெற்றார். முன்னும் பின்னும் செல்லும் வாள் பாதி நேரத்தை வெறுமனே திரும்புவதிற் கழிக்கும். வட்டவாளோ ஓயாது ஒரே திசையில் அறுக்கும். இவ்வட்டவாளுடன் சேம்ஸ் வாற்று செம்மைப்படுத்திய நீராவிப் பொறி இணைந்தபோது மரத்தொழிலின் வரலாறே மாறியது. பிரித்தானியர் 1883இல் அந்தமான் தீவுகளின் சாதம் தீவில் நிறுவிய மரவாலை ஆசியாவின் பழம்பெரும் ஆலைகளுள் ஒன்றாக விளங்குகின்றது. இலங்கையின் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கும் நீராவி உயிரூட்டியது. இங்கிலாந்தின் மார்ஷல் நிறுவனத்தார் செய்த பொறிகள் தேயிலை நாடுகளில் நன்கறியப்பட்டவை. எண்ணெய்ப் பொறியும் மின்சாரமும் வந்தபின் நீராவிப் பொறிகள் ஓய்வுபெற்றன.

நீராவியின் வலு

நீர் 100 பாகை வெப்பத்திற் கொதிக்கும் என்பது பள்ளி மாணாக்கரும் அறிந்தது. கொதிநீர் ஆவியாவதற்கு ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 540 கலோரி மறைவெப்பம் வேண்டும். அவ்வாறு ஆவியாகும்போது வளிமண்டல அமுக்கத்தில் அது முன்னிருந்த இடத்தினும் 1,600 மடங்குக்கு மேலான இடத்தை வேண்டி நிற்கும். மூடிய கொதிகலனில் அவ்விடம் கிடைக்காமையால் அமுக்கம் உயரும். சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல் அமுக்கத்தை மானி காட்டும்போது கலனிலுள்ள நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 170 பாகையாக இருக்கும்.

அந்நீராவி உருளைக்குட் புகுந்து முசலத்தை ஒருபுறம் தள்ளுகின்றது. வால்வு இடம்மாறி மறுபுறமிருந்து தள்ளுகின்றது. முசலத்தின் முன்பின் இயக்கத்தை வளைதண்டு சுழற்சியாக்குகின்றது. கனத்த பறப்புச் சில்லு அச்சுழற்சியைச் சீராக்குகின்றது. பெறப்படும் வலுவைக் கணக்கிடுதல் கடினமன்று. 8 அங்குல விட்டமும் 1 அடி வீச்சும் உடைய முசலம் ஒன்றைக் கொள்வோம். அதன் பரப்பு ஏறத்தாழ 50 சதுர அங்குலம். சராசரி அமுக்கம் 40 இறாத்தல். நிமிடத்துக்கு 150 சுற்று, அதாவது 300 வீச்சு. இவற்றைப் பெருக்கினால் நிமிடத்துக்கு 6,00,000 அடி-இறாத்தல் வேலை கிடைக்கும். ஒரு பரிவலு என்பது நிமிடத்துக்கு 33,000 அடி-இறாத்தல் ஆதலால், இப்பொறியின் வலு ஏறத்தாழ 18 பரிவலு. உராய்வால் ஒரு பகுதி கழிந்தாலும் நடுத்தரக் குற்றிகளை அரிய இது போதுமானது.

இத்தகைய சிறு பொறி, விறகு தரும் வெப்பத்திற் பத்தில் ஒரு பங்கையேனும் வேலையாக மாற்றுவது அரிது. அவ்வாறாயினும் மரவாலைக்கு அது பொருந்தியதேன்? ஆலை தன் உணவைத் தானே விளைவிப்பதனால் என்க. அரியும்போது கழியும் புறப்பலகைகளும் துண்டுகளுமே கொதிகலனுக்கு விறகாகின்றன. ஆயின் பச்சை மரத்தின் வெப்பத்திற் பெரும்பகுதி அதனுள் உள்ள நீரை ஆவியாக்குவதிலேயே வீணாகும். எனவே இன்றைய கழிவை உலர்த்தி வைத்துப் பின்னரே எரித்தல் வேண்டும்.

ஆலையின் அமைப்பு

வீட்டளவில் அமைக்கப்படும் ஆலைக்கு நான்கு உறுப்புகள் இன்றியமையாதன: கொதிகலனும் பொறியும், வலுக்கடத்தும் வார்ப்பட்டி, வட்டவாள், குற்றியைச் சுமக்கும் வண்டி. இவற்றுள் வண்டியையும், வாளின் பீடத்தையும், கூரையையும் ஊர்த் தச்சரும் கொல்லருமே செய்துவிடலாம். இரு தண்டவாளங்களின்மேற் சிறு சில்லுகளில் ஓடும் உறுதியான மரச்சட்டமே வண்டி. குற்றி உருளாதவாறு இரும்புக் கொக்கிகள் அதனைப் பற்றும். ஒவ்வோர் அறுப்பின் பின்னும் குற்றியைப் பலகையின் தடிப்பளவு பக்கவாட்டில் நகர்த்துதற்கு அளவிட்ட திருகு அமைத்தல் வேண்டும். ஆனாற் கொதிகலனை மாத்திரம் ஒருபோதும் வீட்டிற் செய்யலாகாது. அது தகுதியுடையோர் செய்து, அமுக்கச் சோதனையில் தேறியதாக இருத்தல் வேண்டும்.

வாளின் வேகம் கப்பிகளால் அமைவது. பொறியின் சில்லு 60 அங்குல விட்டமும், வாளின் கப்பி 15 அங்குல விட்டமும் உடையனவாயின், பொறி ஒரு சுற்றுச் சுற்ற வாள் 4 சுற்றுச் சுற்றும். பொறியின் 150 சுற்று வாளிடத்து 600 ஆகும். வாளின் விட்டம் 4 அடியாயின் அதன் பற்கள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 7,500 அடி விரைகின்றன. வாள் மரத்திற் புகும்போது சுமை திடீரெனக் கூடுகின்றது. வெளியேறும்போது திடீரெனக் குறைகின்றது. அவ்வேளைகளில் வேகத்தைக் காப்பதற்கு, வாற்று 1788இல் தம் பொறிக்கு அமைத்த சுழல்குண்டு வேகச்சீராக்கி போன்ற ஒன்று வேண்டும்.

குற்றி பலகையாகும் முறை

மரத்தைக் குறுக்கே துணிக்கும் வாளுக்கும் நெடுக அரியும் வாளுக்கும் பல்லமைப்பு வேறு. குறுக்குவாளின் பல் கத்திபோல நாரை வெட்டும். நெடுக்குவாளின் பல் உளிபோல நாரைச் சீவும். பற்களை ஒன்றுவிட்டொன்று இடமும் வலமுமாகச் சிறிது விரித்துவிடுவர். இல்லையேல் அறுத்த பிளவு வாளின் உடலை இறுக்கி வெப்பமேற்றும். முதிரை, பாலை போன்ற கடுமரங்கள் பல்லை விரைவில் மழுக்கும். ஆதலால் அரம் எப்பொழுதும் கையில் இருத்தல் வேண்டும். மழுங்கிய வாள் வலுவை விழுங்கும். வழிதவறிப் பலகையையும் கெடுக்கும்.

முதலிற் குற்றியின் ஒருபுறத்தைச் சீவிப் புறப்பலகையை நீக்குவர். பின் குற்றியைத் திருப்பி அச்சமதளத்தை வண்டியின்மேல் வைத்து அடுத்த புறத்தைச் சீவுவர். இவ்வாறு நாற்புறமும் சதுரித்த பின்னர்த் தேவைக்கேற்பப் பலகையாகவும், சட்டமாகவும், தீராந்தியாகவும், சலாகையாகவும் அரிவர். எந்த முகத்தை முதலில் திறப்பது என்பதே அரிவோனது அறிவுக்குச் சோதனை. முடிச்சு, வெடிப்பு, உட்பொந்து என்பவற்றைப் புறத்தோற்றத்தாலேயே ஊகித்து, வயிரத்தையும் வெளிற்றையும் பிரிக்குமாறு அவன் கோடிடுதல் வேண்டும்.

பச்சை மரம் உலரும்போது, ஈரலிப்பு ஏறத்தாழ நூற்றுக்கு 30 என்னும் அளவுக்குக் கீழ் இறங்கிய பின்னரே சுருங்கத் தொடங்கும். ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையிற் சுருக்கம், மையத்திலிருந்து புறம்நோக்கிய திசையினும் பொதுவாக இருமடங்காகும். பலகை வளைவதற்கும் குற்றியின் முனை வெடிப்பதற்கும் காரணம் இவ்வேறுபாடே. வளையத்துக்குச் செங்குத்தாக அரியப்பட்ட பலகை வளைவது குறைவு. ஆனால் அவ்வாறு அரிவதில் மரம் வீணாவது மிகுதி. அரிந்த பலகைகளை இடையிடையே சலாகை வைத்து, நிழலிற் காற்றோட்டமாக அடுக்கி உலர்த்துவர். இறப்பர் மரத்தைப் பூச்சியும் பூஞ்சணமும் விரைவிற் பற்றுமாதலால், அரிந்தவுடன் போரன் உப்புக் கரைசலிற் பதப்படுத்துவர்.

இழப்பும் ஆதாயமும்

மரத்தை அளப்பதற்கு 1736இல் ஹொப்பஸ் என்னும் ஆங்கிலேயர் வெளியிட்ட அட்டவணை முறை இலங்கையில் நெடுங்காலம் வழங்கியது. சுற்றளவின் காற்பங்கை வர்க்கித்து நீளத்தாற் பெருக்குவது அம்முறை. 60 அங்குலச் சுற்றும் 12 அடி நீளமும் உடைய குற்றிக்குக் காற்பங்கு 15 அங்குலம். கணக்கு 18¾ கன அடி. உண்மைக் கன அளவோ ஏறத்தாழ 24 கன அடி. நூற்றுக்கு 21 பங்கு குறைத்துக் கணித்தது, அரியும்போது நேரும் கழிவை முன்கூட்டியே விட்டுக்கொடுத்தற்காகும்.

அக்கழிவில் வாளின் பங்கையும் காண்போம். 12 அங்குலம் சதுரித்த குற்றியை 1 அங்குலப் பலகைகளாக அரிவதாகக் கொள்வோம். கால் அங்குலப் பிளவு உண்டாக்கும் வட்டவாளால் 9 பலகைகள் கிடைக்கும். அரைக்கால் அங்குலப் பிளவே உண்டாக்கும் பட்டைவாளால் 10 பலகைகள் கிடைக்கும். இரண்டிலும் முக்கால் அங்குலப் பலகை ஒன்று எஞ்சும். ஒன்பது குற்றிகளை அரியும்போது ஒன்பது பலகைகள், அதாவது ஏறத்தாழ ஒரு குற்றியின் பயன், வட்டவாளிலே தூளாகிப் போகின்றது. பட்டைவாள் வட்டவாளை வென்றதற்கு இச்சிறு கணக்கே காரணம்.

ஆபத்தும் காப்பும்

நீராவி மரவாலையில் இரு கூற்றுவர் உளர்: ஒருவன் வாள்; மற்றவன் கொதிகலன். சுழலும் வாளின் பின்புறத்திற் பிளவு இறுகினாற் பற்கள் பலகையைத் தூக்கி, அரிவோன்மேல் எறியும். அதைத் தடுத்தற்கு வாளின் பின்னே பிளவைத் திறந்து வைக்கும் ஆப்புத்தகடு ஒன்று வேண்டும். வாளுக்கும் வார்ப்பட்டிக்கும் காப்புறை வேண்டும். தளர்ந்த உடை ஆகாது. பழைய மரத்தில் அறைந்திருந்த ஓர் ஆணியே வாளின் பல்லை உடைத்து உயிர்க்கு உலை வைக்கும்.

கொதிகலனது ஆபத்து இன்னும் பெரிது. நீர்மட்டம் தாழ்ந்து, நெருப்பறையின் மேற்றகடு வறண்டால் அது செந்தணலாகி வலுவிழக்கும். கலன் பிளக்கும் அக்கணத்தில் 170 பாகையிலிருந்த நீர் 100 பாகைக்கு இறங்க நேர்கின்றது. அப்போது விடுபடும் வெப்பம் அந்நீரில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கை நொடிப்பொழுதில் ஆவியாக்கும். ஒவ்வொரு கன அடி ஆவிநீரும் 1,600 மடங்கு விரியும்போது என்ன நேரும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. நீர்மட்டக் கண்ணாடி, அமுக்கமானி, காப்பு வால்வு, வெப்பம் மிகின் உருகும் ஈயச்செருகி என்பன இதற்காகவே அமைந்தன. காப்பு வால்வின்மேற் கல்லை ஏற்றிக் கூடுதல் வலுப்பெற நினைப்பவன் தன் சாவைத் தானே கொள்முதல் செய்கின்றான்.

காடும் ஆலையும்

ஆலையின் பசி எல்லையற்றது. காட்டின் வளர்ச்சியோ மெதுவானது. கைவாள் தன் மெதுநடையாலேயே காட்டைக் காத்தது. பொறிவாளுக்கு அவ்வியற்கையான தடை இல்லை. ஆதலாற் சட்டம் தடையாக வரவேண்டியதாயிற்று. 1907ஆம் ஆண்டின் காட்டுக் கட்டளைச் சட்டமும், பலா, ஈரப்பலா முதலிய மரங்களை உத்தரவின்றி வெட்டுதலைத் தடுத்த 1951ஆம் ஆண்டின் சட்டமும் அத்தகையன. 1970களிற் சிங்கராசக் காட்டில் ஒட்டுப்பலகைக்காகப் பொறிகொண்டு மரம் வெட்டியபோது எழுந்த எதிர்ப்பால் அவ்வேலை 1977இற் கைவிடப்பட்டது. 1990 முதல் இயற்கைக் காடுகளில் வணிகத்துக்காக மரம் வெட்டுதல் நிறுத்தப்பட்டது. நக்கிள்ஸ் மலைத்தொடர் 2000இற் பேணற்காடாக அறிவிக்கப்பட்டு, 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

ஆகவே இன்றைய மாத்தளை மரவாலைக்கு உரிய உணவு காட்டு மரமன்று; தோட்டத்து மகோகனி, கிரவிலியா, இறப்பர், உத்தரவு பெற்ற பலா என்பனவே. காட்டு மரத்துக்கு எதிர்காலம் இல்லையோ எனின், உண்டு. தம்புள்ளையிற் பொப்பம் என்னும் ஆங்கிலேயர் 1963இல், சேனைப் பயிர் செய்து கைவிடப்பட்ட நிலத்தில் ஒரு மரச்சோலையைத் தொடங்கினார். நட்ட கன்றுகள் பெரும்பாலும் பட்டுப்போயின. பற்றையை மாத்திரம் களைந்து, நிலத்திலே தாமாக முளைத்த கன்றுகளை வளரவிட்டபோது முதிரையும் கருங்காலியும் பிறவும் எழுந்து சோலையாயின. மனிதன் சற்றுக் கையைக் கட்டிக்கொண்டிருந்தாற் காடு தன்னைத் தானே மீட்டுக்கொள்ளும் என்பதை அச்சோலை எடுத்துக் காட்டுகின்றது.

முடிவுரை

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசி மகத் திருவிழாவில் ஐந்து தேர்கள் வீதியுலா வருகின்றன. வடம் பிடிப்போர் தேரின் அழகையும் தச்சனது கைத்திறனையும் வியப்பர். அத்தச்சனுக்கு முன்னே மரத்தைப் பலகையாக அரிந்து கொடுத்தவன் ஒருவன் உண்டு. அவனுக்கும் முன்னே அம்மரத்தை வெட்டாது வளரவிட்ட தலைமுறை ஒன்று உண்டு. நீராவியின் காலம் கழிந்துவிட்டது. எனினும் நெருப்பும் நீரும் இரும்பும் மரமும் ஒன்றுகூடித் தொழில் செய்த அப்பொறி, பௌதிகமும் கணிதமும் நூலில் மாத்திரம் வாழ்வன அல்ல என்பதை மாணாக்கருக்கு இன்றும் உணர்த்தவல்லது. ஒரு பலகையை அரிவது நிமிட வேலை. அதனை வளர்ப்பது தலைமுறை வேலை. இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணிக் கணக்கிடும் சமுதாயத்தின் பேரப்பிள்ளைகளுக்கே தேர் செய்ய மரம் மிஞ்சும்.